கீழை ஆர் இருக்கினம்

குளிர் தொடங்குகிற முதல் வாரத்தில், விடியப்புறம், என் அறையின் வெப்பக்குழாய் தட்டும். டொக். டொக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக். கோடை முழுக்கக் குளிர்ந்து கிடந்த இரும்புக்குள் சுடுநீர் ஏறுகிற சத்தம் அது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த மூன்றாவது தட்டு விழுந்ததும் என் கை தானாக வாய்க்குப் போகிறது. தனியாகத்தான் படுத்திருப்பேன். பேசியிருக்கமாட்டேன், பாடியிருக்கமாட்டேன், இருமியும் இருக்கமாட்டேன். ஆனாலும் பொத்திக்கொள்வேன். மொன்றியலில் இதுவரை ஒன்பது வீடு மாறிவிட்டேன். ஒன்பதிலும் குழாய் தட்டியது. பெட்டி கட்டுகிற ஒவ்வொரு முறையும் சிநேகிதிகள் ஏன் என்று கேட்பார்கள். வாடகை, தூரம், வெளிச்சம் என்று ஏதாவது சொல்லித் தப்பிவிடுவேன்.

அந்தத் தட்டு எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். சின்ன வயதில் நாங்கள் இருந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், இரண்டாம் மாடியில், அம்மா சமைக்கிற குசினித் தரைக்குக் கீழே இருந்து வருகிறது.

எனக்கு அப்போது பதினொரு வயது. புதிய நூற்றாண்டு பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு டோர்வல் விமான நிலையத்தில் வேலை; இறங்கிய விமானங்களுக்குள் ஏறிக் கூட்டித் துடைப்பது. அம்மாவுக்கு ஒரு தையல் தொழிற்சாலையில் குளிர்கோட்டுகளுக்குப் பொத்தான் வைக்கிற வேலை. எனக்குப் பள்ளிக்கூடம், அதோடு வீட்டின் மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம். வீட்டுச் சொந்தக்காரரின் கடிதம், வைத்தியரின் கேள்வி, பஸ் சாரதியின் ஏச்சு எல்லாம் என் வாய்க்குள் புகுந்துதான் அவர்களிடம் போய்ச் சேரும். எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று தீர்மானிக்கிற அதிகாரமும் என்னிடமே இருந்தது. அந்த வயதுக்கு அது கொஞ்சம் கூடுதலான அதிகாரம்தான். நான் அதை நன்றாக அனுபவித்தேன்.

செப்டெம்பர் கடைசியில் ஒரு பின்னேரம், பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தபோது, கொழும்பில் இருந்த உறவினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். மன்னாரில் அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, கடலுக்குப் போயிருக்கிறார். வள்ளம் தனியே வந்திருக்கிறது. மூன்றாம் நாள் அவரையும் கடல் கொண்டுவந்து கரையில் விட்டிருக்கிறது. அவர்கள் ஊருக்கு அப்போது தொலைபேசி இல்லை. செய்தி ஆள் மாறி, வாய் மாறி, மொன்றியலுக்கு வந்து சேர நாற்பது நாள் எடுத்தது. அடக்கம் முடிந்து, முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்து, வந்த சனம் கலைந்து, பந்தலும் கழற்றின பிறகுதான் அம்மாவுக்குத் தம்பி செத்தார். நான் அவரை ஒருநாளும் கண்டதில்லை. அலுமாரிக்குள் ஒரு படம் இருந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சேட்டுப் போடாமல், ஒல்லியாக ஒருவர்.

அம்மா தொலைபேசியை வைத்தார். குசினித் தரையில் இருந்தார். பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை நான் அதற்கு முதல் கேட்டதில்லை. பாட்டைப் போல ஏறியது, ஆனால் பாட்டில்லை. 'என்ரை தம்பி' என்று தொடங்கி, நெஞ்சில் அடித்து, இரண்டு வரிதான் போயிருக்கும். கீழ்வீட்டில் இருந்தவர் கூட்டுகிற தும்புத்தடியால் தன்னுடைய முகட்டில், அதாவது எங்கள் தரையில், இடித்தார். டொக், டொக், டொக். அவர் கெட்டவர் இல்லை. இரவு வேலைக்குப் போகிறவர், பகலில் தூங்கவேண்டியவர் என்பதெல்லாம் பிறகு தெரியவந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது, தட்டுகிறார்கள் என்பது மட்டும்தான். நான் அம்மாவின் முன்னால் போய் நின்றேன்.

"அம்மா, கத்தாதேங்கோ. கீழை ஆக்கள் பொலிசைக் கூப்பிடுவினம்."

அம்மா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் இன்றைக்கு அதை மறந்திருப்பேன். கோபமில்லை. கீழ்ப்படிந்தார். தோளில் கிடந்த துவாயை மடித்துப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் எழும்பி முகம் கழுவி, புட்டுக்கு மா குழைத்தார். நாங்கள் புட்டுச் சாப்பிட்டோம். அப்பா வேலையால் வந்ததும், கடையில் வாங்கவேண்டிய சாமான்களைச் சொல்வதுபோல, குரலை உயர்த்தாமல், தம்பி போனதைச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் அழவில்லை. நல்ல விசயம் என்றுதான் நான் நினைத்தேன்.

தமிழ்க் கத்தோலிக்க ஆட்களின் கோயிலில் மாமாவுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுத்தோம். அந்தக் கோயில் உண்மையில் இத்தாலியர்களுடையது. எங்களுக்கு ஒரு மணித்தியாலம் இரவல். சுவாமியார் கடைசி ஆசீர்வாதத்தைக் கொடுக்கும்போதே அடுத்த பூசைக்கு வந்தவர்கள் வாசலில் நின்று குடையை உதறிக்கொண்டிருப்பார்கள். அம்மா அன்றைக்கும் விறைப்பாக நின்றார், அவ்வளவுதான். ஒக்டோபரில் தொழிற்சாலையில் ஊசி அவருடைய விரலுக்குள்ளால் போனது. பக்கத்தில் இருந்தவர்கள் அலறினார்களாம், அம்மா ஒரு 'ஆ' கூடச் சொல்லவில்லையாம். சமைப்பார், தான் சாப்பிட மறந்துவிடுவார். சீப்பில் தலைமயிர் கொத்தாக வந்தது. கதைத்தால் பதில் வரும், ஆனால் பக்கத்து அறையிலிருந்து வருவது போல வரும். கோயிலில் ஒரு மாமி அப்பாவை ஒதுக்கிக் கூப்பிட்டு, மனிசியை எப்பிடியும் அழ வையுங்கோ, இல்லாட்டி உள்ளுக்கை கிடந்து அரிச்சுப்போடும் என்று சொன்னதை நான் கேட்டேன். ஒரு ஆளை வேண்டுமென்று அழ வைப்பார்களா? எனக்கு அந்த மாமியைப் பிடிக்காமல் போனது.

அப்பாவுக்கு அழவைக்கத் தெரியவில்லை. அவர் வேறொன்றைக் கண்டுபிடித்தார். இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை, விற்பனைக்கு இருக்கிற வீடுகளைத் திறந்து வைப்பார்கள். யாரும் போய்ப் பார்க்கலாம். வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. உள்ளே வெக்கையாக இருக்கும், சில இடங்களில் பிஸ்கட்டும் இருக்கும். பூசை முடிய, கோயிலுக்கு உடுத்த அதே உடுப்போடு எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போவார். வேலையிடத்தில் கூட இருப்பவர்கள் சொல்கிற முகவரிகளை, விமானத்தில் ஒவ்வொரு இருக்கைக்கும் முன்னால் சொருகியிருக்கும் வாந்திப் பையில் எழுதி மடித்து வைத்திருப்பார். வீடு பார்த்தால் அம்மாவுக்கு மனம் மாறும் என்பது அவருடைய வைத்தியம்.

எனக்கும் அது பிடித்தது. வாசலில் வீடு விற்கிற முகவர் ஒரு புத்தகத்தில் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதச் சொல்வார். பிறகு அழைத்துத் தொல்லை கொடுப்பார்கள் என்று அப்பா பெயரை ஒழுங்காகவும் இலக்கத்தைப் பிழையாகவும் எழுதுவார். குசினிக் குழாயைத் திறந்து தண்ணீரின் வேகம் பார்ப்பார். கழிவறையில் ஒருமுறை தண்ணீர் இழுத்துப் பார்ப்பார். மேலே போய் அறைகளை எண்ணி வரச்சொல்லி என்னை அனுப்புவார். ஏன் விக்கினமெண்டு கேள் என்பார். அது அவர் எங்கோ கற்றுக்கொண்ட சாமர்த்தியமான கேள்வி.

அம்மாவுக்கு ஒரே கேள்வி. எந்த வீட்டுக்குப் போனாலும், எவ்வளவு பெரிய வீடாக இருந்தாலும், அதை மட்டும்தான் கேட்பார்.

"கீழை ஆர் இருக்கினமெண்டு கேள், பிள்ளை."

எனக்கு வெட்கமாக இருக்கும். இது தனி வீடு, கீழே நிலவறைதான் இருக்கிறது என்று முகவர்கள் சிரிப்பார்கள். அம்மா நம்பமாட்டார். எங்களுக்குத் தெரிந்த எத்தனையோ பேர் அப்படியான நிலவறைகளில் வாடகைக்கு இருந்தவர்கள்தானே. தானே இறங்கிப் போய்ப் பார்ப்பார். சில வேளை அங்கே நின்றுகொண்டு, மேலை நிண்டு பிலத்துக் கதை பிள்ளை, கேக்குதோ பாப்பம் என்பார். நான் மேலே வெறும் அறையில் நின்று என் பள்ளிக்கூடப் பாடத்தை உரத்துச் சொல்வேன். அம்மா கீழே இருட்டில் காது கொடுத்து நிற்பார். அதை ஒரு விளையாட்டு என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு நவம்பரில் வந்தது. எங்களுக்கு அது மரித்த ஆத்துமாக்களின் மாதம். மழையும் இல்லாத, பனியும் இல்லாத ஏதோ ஒன்று வானத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தது. டோர்வலில், விமான நிலையத்திலிருந்து ஏரிப் பக்கமாகப் போகிற அமைதியான தெரு ஒன்று. பெரிய மரங்கள், ஊறிய இலைகள், மூன்று மணிக்கே ஏற்றிவிட்ட விளக்குகள். அப்பா வாந்திப் பையை விரித்துப் பார்த்தார். விற்பனைப் பலகை தெரிந்தது. பலகைக்குப் பக்கத்தில் கார்கள் வரிசையாக நின்றன. ஒரு வீட்டின் கதவு பாதி திறந்திருந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட இரண்டுபேர் உள்ளே போனார்கள்.

"பாத்தீரே, எவ்வளவு சனம்" என்றார் அப்பா, அம்மாவைப் பார்த்து. "இண்டைக்கே வித்துப்போடுவினம்."

அந்தப் பலகை பக்கத்துச் செங்கல் வீட்டுக்கு உரியது. இரண்டு புல்வெளிகளுக்கும் நடுவில், சேற்றில் சரிந்து, இந்தப் பக்கம் முகம் திருப்பிக்கொண்டு நின்றது. செங்கல் வீட்டின் கதவு சாத்தியிருந்தது. நாங்கள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய வீடு எங்கள் முன்னாலேயே இருந்ததே.

அதைப் போல ஒரு வீட்டை நாங்கள் அதுவரை கண்டதில்லை. தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு குந்தியிருக்கும் ஆளைப் போல, தாழ்ந்து அகன்ற கூரை. கூரையின் விளிம்புக்குக் கீழே கூரைச் சட்டங்களின் நுனிகள் விரல் விரலாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முன் விறாந்தையின் தூண்கள் அடியில் பருத்து மேலே ஒடுங்கி, உருண்டைக் கல்லால் கட்டிய மேடைகளில் நின்றன. கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளைத் தகடு. பழைய வீடு, நகரத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, மாற்றிக் கட்டக்கூடாது என்று அதில் எழுதியிருந்ததை நான் வாசித்துச் சொன்னேன். அப்பா தூணில் விரலால் சுண்டிப் பார்த்தார். பழசெண்டாலும் மரம் நல்ல மரம் என்றார். கிராஃப்ட்ஸ்மன் பாணி என்று அந்த வகைக்குப் பெயர் என்பதைப் பல வருடம் கழித்து ஒரு நூலகத்தில் இருந்து படித்தேன். தச்சனுடைய கையை ஒளிக்காத வீடுகளாம். எந்த மரம் எதைத் தாங்குகிறது, எது எதற்குள் பொருந்தியிருக்கிறது, எங்கே முளை அடித்திருக்கிறது எல்லாம் வெளியில் தெரியும்படி விட்டுவிடுவார்களாம்.

வாசலில் ஈரச் சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. நாங்களும் எங்களுடையதைக் கழற்றி அந்த வரிசையின் கடைசியில் வைத்தோம். கறுப்பு உடுப்புப் போட்ட ஒரு இளைஞர் எங்கள் கோட்டுகளை வாங்கிக்கொண்டு, வந்ததற்கு நன்றி என்றார். முகவர்களும் கறுப்பு உடுப்புத்தான் போடுவார்கள், வந்ததற்கு நன்றிதான் சொல்வார்கள். சின்ன மேசையில் ஒரு புத்தகம் திறந்திருந்தது. அப்பா அதில் தன் பெயரையும், வழக்கம்போல ஒரு பிழையான தொலைபேசி இலக்கத்தையும் எழுதினார். பக்கத்தில் வெள்ளை லில்லிப் பூக்கள், ஒரு கிழவரின் படம்.

"வீட்டைக் கட்டின ஆளாக்கும்" என்றார் அப்பா.

உள்ளே மெழுகு பூசிய மரத்தின் வாசனையும், நெடுநேரம் அடுப்பில் கிடந்த கோப்பியின் வாசனையும். நெஞ்சளவு உயரத்துக்குச் சுவரெல்லாம் கருத்த பலகை. முகட்டில் உத்திரங்கள் குறுக்கும் நெடுக்கும். பச்சை ஓடு பதித்த கணப்பு. கண்ணாடிக் கதவுள்ள அலுமாரிகளைச் சுவரோடு சுவராகவே கட்டியிருந்தார்கள். யாரும் தூக்கிக்கொண்டு போகமுடியாது. சனம் அங்கங்கே நின்று தணிந்த குரலில் கதைத்தது. பெரிய வீடென்றால் ஆட்கள் மெதுவாகத்தான் கதைப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்பா நேரே குசினிக்குப் போனார். அங்கே நின்ற பெண்கள் விலகி வழிவிட்டார்கள். குழாயைத் திறந்தார், வேகத்தைப் பார்த்தார், மூடினார். ஒரு பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஓரம் வெட்டிய சாண்ட்விச்சுகளை ஒரு தட்டில் அடுக்கிக் கொடுத்தார். பொன்ஜூர், மெர்சி என்று தன்னிடம் இருந்த பிரெஞ்சு முழுவதையும் அப்பா ஒரே மூச்சில் செலவழித்தார். மற்ற இடங்களில் பிஸ்கட்தான். இஞ்சை பார், சாப்பாடே குடுக்கினம் என்று என் காதுக்குள் சொன்னார். பிறகு அறைகளை எண்ணிவர அனுப்பினார்.

மேலே மூன்று அறை. இரண்டு சாதாரணம். மூன்றாவதில், ஆஸ்பத்திரியில் இருப்பது போலக் கம்பி வைத்த கட்டில் ஒன்று, தலைப்பக்கம் உயர்த்தியபடி. விரிப்பு இல்லை. கீழே ஒரு சோடிச் செருப்பு. யன்னலைத் திறந்து விட்டிருந்தார்கள். குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. விற்கிற வீட்டில் இதையெல்லாம் ஒதுக்கி வைக்கவேண்டாமா என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். மூன்று என்று அறிக்கை கொடுத்தேன்.

பெரிய அறையில், யன்னலோடு சேர்த்து ஒரு மர இருக்கை கட்டியிருந்தார்கள். அதில் வெள்ளைத் தலைமயிர் உள்ள ஒரு பெண் தனியாக இருந்தார். போகிறவர் வருகிறவர் எல்லோரும் அவரிடம் குனிந்து, கையைப் பிடித்து, இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரித் தலையை ஆட்டினார். இவர்தான் தலைமை முகவர் என்று நான் முடிவெடுத்தேன். முன்னால் போய், பள்ளிக்கூடத்தில் பழக்கியபடி நிமிர்ந்து நின்று, அப்பாவின் கேள்வியைக் கேட்டேன். மேடம், இந்த வீட்டை ஏன் விற்கிறீர்கள்?

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். விற்கப்போவதாக யார் சொன்னது, என் மகனா என்று கேட்டார். கோபத்தோடு கேட்கவில்லை. ஏற்கனவே நடந்து முடிந்த ஒன்றைத் தனக்கு மட்டும் கடைசியாகச் சொல்கிறார்களோ என்பதுபோலக் கேட்டார். வெளியே பலகை இருக்கிறது, நாங்கள் வீடு பார்க்க வந்தோம் என்றேன். அவர் யன்னலால் திரும்பி அந்தப் பலகையைப் பார்த்தார். அது அடுத்த வீட்டினுடையது, குழந்தை என்றார். பிறகு, என் கணவர் செவ்வாய்க்கிழமை போய்விட்டார், நேற்று அடக்கம் செய்தோம் என்றார்.

அப்பாவும் அம்மாவும் எனக்குப் பின்னால் நின்றார்கள். விழுங்குவதா சொல்வதா என்று நான் யோசித்தேன். விழுங்க முடியாத அளவு பெரிதாக இருந்தது.

"அம்மா, இது செத்தவீடு."

அப்பாவின் கையில் கடித்த சாண்ட்விச். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தார். காது இரண்டும் சிவந்துபோயிருந்தன. இஞ்சேரும், வாரும், சத்தமில்லாமல் வெளிக்கிடுவம் என்று அம்மாவின் முழங்கையைத் தொட்டார். அம்மா அசையவில்லை.

"செத்தவீட்டுக்குள்ளை வந்திட்டு சும்மா போறதே?"

பல வாரங்களுக்குப் பிறகு, பக்கத்து அறையிலிருந்து வராமல், நாங்கள் நின்ற அதே அறையிலிருந்து வந்த குரல் அது.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. செத்தவீட்டுக்குப் போகிற பெண், பறிகொடுத்தவளைத் தேடிப் போய், பக்கத்தில் இருந்து, கட்டிப்பிடித்து, தலையோடு தலை வைத்து அழவேண்டும். தெரிந்தவளா, சண்டைபிடித்தவளா, பத்து வருடம் முகம் பாராதவளா என்று கணக்கில்லை. படி ஏறினால் அழத்தான் வேண்டும். அம்மா அந்த யன்னல் இருக்கையில், கோயிலுக்கு உடுத்த சேலையோடும் கறுப்புக் காலுறையோடும் போய் இருந்தார். அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்தார். பிறகு தோளைச் சுற்றி அணைத்துத் தன் தலையை அவருடைய தலையில் வைத்தார். அந்தப் பெண் திகைத்துப்போய் நிமிர்ந்தபடியே இருந்தார்.

சத்தம் வந்தது. குசினித் தரையில் இரண்டு வரியோடு அறுந்த அதே சத்தம், அறுந்த இடத்திலிருந்தே தொடங்கியது.

"என்ரை தம்பி, நான் வராமல் உன்னை மூடிப்போட்டினமே, என்ரை ராசா."

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒருவர் கையிலிருந்த தட்டை மெதுவாக மேசையில் வைத்தார். அம்மா ஆடி ஆடி அழுதார், இழுத்து இழுத்து அழுதார். வள்ளம் வந்ததே நீ வரேல்லையே என்றார். உப்புத் தண்ணியிலை கிடந்தனியே என்றார். எனக்கு உடம்பு கூசியது. பள்ளிக்கூடத்தில் யாராவது இதைக் கண்டால் என்ற நினைப்புத்தான் வந்தது. நான் தரையைப் பார்த்தபடி நின்றேன். மெழுகு போட்டுப் பளபளத்த அந்தப் பலகைகளுக்குக் கீழேயிருந்து தட்டு வரும், இதோ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அந்த வீட்டின் கனத்த மரம் அம்மாவின் சத்தத்தை வாங்கி எங்கேயோ வைத்துக்கொண்டது. அப்படியும் நான் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா, கத்தாதேங்கோ."

இந்த முறை அம்மாவுக்கு அது கேட்கவில்லை. கேட்டது அந்தப் பெண்ணுக்கு. மொழி தெரியாவிட்டாலும் நான் என்ன சொல்கிறேன் என்று அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். அணைப்புக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே எடுத்து, சேலையைப் பிடித்திருந்த என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார்.

"விடு" என்றார் பிரெஞ்சில். "அவரை அழ விடு."

அதன் பிறகுதான் அவருடைய நிமிர்ந்த முதுகு வளைந்தது. இரண்டு நாளாக எல்லோருக்கும் ஒரே மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தவர், அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த விதமாக, சத்தம் குறைவாக, உடம்பெல்லாம் குலுங்க அழுதார். ஒருவரின் துக்கத்தில் ஒரு சொல்லும் மற்றவருக்கு விளங்காது. ஒருவரை ஒருவர் அவர்கள் விடவும் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தெருவிளக்கின் மஞ்சள் யன்னல் கண்ணாடியில் கூடிவந்தது. கோட்டு வாங்கிய இளைஞர் இரண்டு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து, கொடுக்கவும் தெரியாமல் திரும்பிப் போகவும் தெரியாமல் நின்றார். அப்பா கணப்பின் பக்கம் திரும்பி, பச்சை ஓடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தோளும் ஆடியது. குளிராக்கும் என்று நினைத்தேன்.

எல்லாம் தணிந்த பிறகு, யாருக்காக என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார். அம்மாவின் தம்பிக்கு, கடலில் என்றேன். அவருடைய பெயர் என்ன என்றார்.

எனக்குத் தெரியாது. சின்ன மாமா என்பதற்கு மேல் எனக்கு அவர் பெயரே தெரியாது. அம்மாவிடம் கேட்டேன். அம்மா சொன்னார். நான் அதைப் பிரெஞ்சுக்காரருக்கு விளங்குகிற மாதிரி உச்சரித்துச் சொன்னேன். அந்தப் பெண் அதை இரண்டு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். மாமாவின் பெயரை நான் முதல்முறையாகக் கேட்டது அந்த வீட்டில்தான்.

அந்த ஞாயிறோடு வீடு பார்க்கப் போவது நின்றுபோனது. பனி தொடங்கிவிட்டது, காரின் டயர் சரியில்லை என்றார் அப்பா. அம்மா அந்த வாரம் சோற்றில் உப்பில்லை என்று அப்பாவோடு சண்டை பிடித்தார், சமைத்தது அப்பா. மாமாவின் படம் அலுமாரியிலிருந்து வெளியே வந்து தொலைக்காட்சிக்கு மேலே ஏறியது. நாங்கள் கடைசிவரை வீடு வாங்கவில்லை. அப்பா ஓய்வு பெறும்வரை வாடகை வீடுகள்தான். எல்லாவற்றிலும் கீழே யாரோ இருந்தார்கள். பிறகு ஒருநாளும் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டு நான் கேட்டதில்லை.

கடைசியாகக் கேட்டது அன்றைக்கு, புறப்படும்போது.

அப்பா காரைச் சூடாக்க முன்னாலேயே போய்விட்டார். அந்தப் பெண் எங்களோடு விறாந்தைவரை வந்தார், கோட்டு இல்லாமல், ஒரு கையால் அந்தப் பருத்த தூணைப் பிடித்துக்கொண்டு. செத்தவீட்டில் போய்வருகிறோம் என்று சொல்லக்கூடாது; பேசாமல் இறங்கி நடக்கவேண்டும். அது எனக்குத் தெரியாது. அம்மா ஒன்றும் சொல்லாமல் திரும்பியது மரியாதைக் குறைவாகத் தெரிந்தபடியால், நான் அவருக்கும் சேர்த்து, மிகவும் நன்றி மேடம், நல்ல நாளாக அமையட்டும் என்று சொன்னேன். சொன்னதை நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடிக்கிறேன். அந்தப் பெண் அதற்கும் தலையாட்டினார்.

அம்மா இரண்டு படி இறங்கியிருந்தார். சடாரென்று நின்றார். ஏதோ பெரிய பிழை செய்துவிட்ட ஆளின் முகம்.

"பிள்ளை, கீழை ஆர் இருக்கினமெண்டு கேள். நான் சத்தம் போட்டதுக்குக் குறை நினைக்கவேண்டாமெண்டு அவையளுக்குச் சொல்லச் சொல்லு."

எத்தனையோ வீட்டில் கேட்ட கேள்விதானே என்று அலுத்துக்கொண்டு கேட்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அம்மாவை நேரே பார்த்துத்தான் பதில் சொன்னார், நான் இடையில் நிற்காததுபோல.

"கீழே ஒருவரும் இல்லை. இனி மேலேயும் ஒருவரும் இல்லை."

மேல்மாடியைப் பற்றி அம்மா கேட்கவில்லையே, இவர் ஏன் அதைச் சொல்கிறார் என்று யோசித்தேன். கேட்காத கேள்விக்கு வந்த பதிலைக் கொண்டுபோய்க் கொடுக்கத் தேவையில்லை என்று தீர்மானித்தேன். முதற் பாதியை மட்டும் அம்மாவிடம் சொன்னேன்.

"ஒருத்தரும் இல்லையாம், அம்மா."